போலந்து அக்காவின் கேள்வி

யாராவது "ஒன்னும் யோசிக்காதீங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டால் அந்த அக்காவின் முகம் மாறிவிடும். கோபப்படமாட்டார். கையில் இருப்பதை, அது பால்மா கரைக்கும் கோப்பையாக இருந்தாலும் பிள்ளையின் மூக்கைத் துடைக்கும் துணியாக இருந்தாலும், ஓரமாக வைத்துவிடுவார். பிறகு நிதானமாகக் கேட்பார்.

"சரி. அன்னைக்கு எந்த வழியா வருவீங்க?"

கேட்டவர்கள் பலரும் முதலில் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

கேகாலையிலிருந்து அரநாயக்கவுக்குப் போகும் மலைப்பாதையை விட்டு உள்ளே இறங்கினால் வரும் இறப்பர் தோட்டம் அது. பால்வெட்டப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவை அக்காதான் பார்த்துக்கொண்டார். நான் அங்கே போனது புகைக்காம்பரா வேலைக்கு. அதற்கு முன் இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். ரம்புக்கனை ஸ்டேஷனில் மூட்டை இறக்கினேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் கால் தரிக்காது. புகைக்காம்பராவில் இறப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். கண் எரியும். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் புகை மணம் போகாது. ஆனால் மழைக்காலத்தில் உடம்பு காய்ந்திருக்கும், படுக்கத் தொழிலாளர் லயத்தில் ஒரு அறை கிடைக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

தோட்டத்தில் எல்லோரும் அவரைப் போலந்து என்றுதான் சொன்னார்கள். "போலந்துகிட்ட புள்ளைய விட்டுட்டு வந்துர்றேன்." "போலந்து இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கா?" போலந்து என்பது அவர் பிறந்த தோட்டத்தின் பெயர் என்று நான் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் தோட்டங்களுக்கு இங்கிலாந்து ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, அப்படி ஒன்றாக இருக்கும் என்று. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எங்க பள்ளிக்கூடத்துல ஏஎல் வகுப்புக்கு வரலாறு சொல்லிக்குடுக்க ஆளே இல்ல தம்பி" என்றார். "தமிழ்ல படிப்பிக்க இந்தப் பக்கம் யாரு வருவா? ஒரே ஒரு சேர் வந்தாரு, மட்டக்களப்புப் பக்கம். ஐரோப்பாவுல ரெண்டு பெரிய சண்டைக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஆரம்பிச்சாரு. பிரான்ஸ் போலந்துப் பட்டாளத்துக்கு என்னென்ன ஒதவி செஞ்சிச்சுன்னு சொல்லி முடிக்கல, அவருக்கு மாற்றம் வந்திருச்சு. மூட்டையக் கட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்குப் பொறகு யாரும் வரல."

"அப்ப சோதனையில என்ன செஞ்சீங்க?"

"கேள்வியெல்லாம் வேற எதப்பத்தியோ கேட்டிருந்தாங்க. நான் போலந்து எழுதினேன்."

"கேக்காத கேள்விக்கா?"

"பொறகு? தெரிஞ்சத எழுதாம வெறுந்தாள் குடுக்கச் சொல்றியா?"

அடுத்த வருடமும் எழுதினாராம். அப்போதும் போலந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மறுபடியும் எழுதினாராம். அதன் பிறகு பிள்ளைக்காம்பராவில் ஆள் தேவை என்று தோட்டத்துத் தொரை சொல்லியனுப்ப, வந்துவிட்டார். அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. பஸ் வரவில்லை, நடந்து வந்தேன் என்பதுபோலச் சொன்னார்.

ஆனால் அந்தப் பாடம் அவருக்குள் தங்கிவிட்டது. கேட்கும் காது கிடைத்தால் தரையில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பார். பால் பிடிக்கும் பழைய சிரட்டைகள் பிள்ளைகள் விளையாட அங்கே கிடக்கும்.

"இந்தா, இது பிரான்ஸ். அந்தக் கடைசியில இருக்கிறது போலந்து. நடுவுல இந்தப் பெரிய சிரட்டை ஜெர்மனி. பாத்துக்கிட்டியா? மொத சண்ட முடிஞ்ச கையோட போலந்துக்குள்ள ரஷ்யாக்காரன் வந்தான். அப்ப பிரான்ஸ் ஆபிசர்மாரு அங்கயே இருந்தாங்க. பட்டாளத்துக்குப் பழக்கிக் குடுத்தாங்க. துப்பாக்கி, குண்டு எல்லாம் குடுத்தாங்க. போலந்து தப்பிச்சிருச்சு. அதனாலதான் நம்பினாங்க. சும்மா நம்பல."

"பொறகு?"

"பொறகு கடன் குடுத்தாங்க. ஆனா அந்தக் கடன்ல சாமான் வாங்கணும்னா பிரான்ஸ் பெக்டரியிலதான் வாங்கணும்னாங்க. டாங்கி வந்துச்சு, பழைய சண்டையில ஓடின மாதிரி டாங்கி. நெலக்கரி ஏத்திக்கிட்டு தொறமுகத்துக்குப் போற ரயில் பாதைக்குக்கூட அவங்க காசு. எல்லாத்துக்கும் மேல ஒரு வாக்கு. ஜெர்மனி ஒங்கள அடிச்சா நாங்க இந்தப் பக்கத்திலருந்து அடிப்போம்னு."

பிறகு பெரிய சிரட்டையை நகர்த்திப் போலந்துச் சிரட்டையின் மேல் வைப்பார். மறு கையால் பிரான்ஸ் சிரட்டையை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளி, அப்படியே பின்னால் இழுப்பார்.

"எல்லையத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தாங்க. ஆளில்லாத ஊருகளப் பாத்தாங்க. திரும்பிட்டாங்க. அவ்வளவுதான்."

இந்தக் கதையைச் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கும் சொல்லியிருக்கிறார். தோட்டத்துக்கும் சந்திக்கும் நடுவில் ஒரு ஆறு, அதன்மேல் தாழ்வான ஒரு பாலம். பாலத்தைத் தாண்டியதும் நானாவின் கடை. அரிசி, கருவாடு, போனுக்கு ரீலோட், எல்லாம் அங்கேதான். நானா பருத்த மனிதர். வலது மூட்டில் எப்போதும் எண்ணெய்த் துணி சுற்றியிருக்கும். அக்காவைச் சீண்டாமல் அவரால் சாமான் நிறுக்க முடியாது.

"பிரான்ஸும் பாவம்தானே தங்கச்சி? நடுவுல ஜெர்மனிக்காரன் நிக்கிறான். பறந்தா போற?"

"பாவம்தான் நானா. நான் ஏசலயே. போக முடியாதுன்னா வாறேன்னு சொல்லாம இருந்திருக்கலாம்."

"சரி, அப்ப போலந்து என்ன செஞ்சிருக்கணும்? செல்லு பாப்போம்."

நானா பருப்பை நிறுத்து, பையில் கட்டி, நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அக்கா சொன்னார்: "அது தெரியாது. அந்த இடத்துலதான் சேருக்கு மாற்றம் வந்துச்சு."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் திரும்பும் வழியில், பாலத்தின் மேல் நின்று தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

இந்தக் கேள்வியால் அவருக்கு நல்லது நடந்தது என்று சொல்ல முடியாது. நான் வருவதற்கு முன்பு அவரைப் பெண் பார்க்க இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார்கள். அப்போது அவருடைய அப்பா கை கால் விழுந்து படுக்கையில் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நல்லமாதிரித்தான் சொல்லியிருக்கிறார், "ஒங்கப்பாவப் பத்திக் கவலப்படாத புள்ள, நாங்க பாத்துக்குவோம்" என்று. அக்கா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாவுக்கு மூச்சு முட்டினா எந்த வழியா வருவீங்க? ஒங்க ஊர்லருந்து பஸ் மாறி மாறில்ல வரணும்" என்று கேட்டிருக்கிறார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டாராம். "பொண்ணு பாக்க வந்தமா, பொலிஸ்ல வாக்குமூலம் குடுக்க வந்தமா?"

அதோடு போய்விட்டது. அப்பா அடுத்த மழைக்காலத்தில் இறந்தார். வேறு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

"வருத்தமா இல்லியா அக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அந்தப் பையன் நல்லவன் மாதிரித்தான் இருந்தான். நான் அவன்கிட்ட கேட்டிருக்கணும். அவசரப்பட்டு அவங்கம்மாகிட்ட கேட்டுட்டேன்."

கொழும்பிலிருந்து ஒரு சங்கத்தார் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்க வந்தபோதும் இதுதான் நடந்தது. பந்தல் போட்டு, மைக் கட்டி, "இந்தப் பிள்ளைகளின் கல்விக்கு நாங்கள் என்றும் துணை நிற்போம்" என்று ஒரு பெரியவர் பேசினார். அக்கா கூட்டத்தின் நடுவிலிருந்து கையைத் தூக்கினார்.

"எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் இல்ல ஐயா. டீச்சர் கேட்டு நாங்க கல்விக் கந்தோருக்குப் போறப்ப ஒங்கள்ள யாரு கூட வருவீங்க?"

பெரியவர் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். மறு வருடம் அவர்கள் வரவில்லை. லயத்தில் ஒரு தாய் அக்காவின் வாசலில் வந்து நின்று ஏசினாள். "டீச்சரும் வரல, பையும் போச்சு! ஒன் போலந்த நீயே வச்சுக்க. எம்புள்ள சீனி உறையில புஸ்தகம் கொண்டு போகுது." அக்கா தன்னிடம் இருந்த ஒரு தோள்பையைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார். கேள்வியை மட்டும் விடவில்லை.

அவர் யாருக்கும் "நான் வாறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு எலிக்காய்ச்சல் வந்து அறையில் சுருண்டு கிடந்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சரி, அவருக்கும் பயம் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நானாவின் த்ரீவீலர் லயத்து வாசலில் நின்றது. அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு தலையணை. கேகாலை ஆஸ்பத்திரி வரை என் தலை கதவில் இடிக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்தபோது, "இப்ப வந்துட்டோம்ல சேர்" என்று முடித்துவிட்டார்.

இனி மழைப் பாவாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மரத்தில் வழியும் தண்ணீர் சிரட்டைக்குள் இறங்கிப் பாலைக் கெடுத்துவிடும். காலையில் பெயர் பதியும் பிரட்டுக்குப் போய் நின்றுவிட்டு, வேலை இல்லை என்று எல்லோரும் திரும்பி வருவார்கள். அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தாய்மார் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகள் தாய்மாரிடம் இருப்பார்கள். பிறகு தோட்டத்தில் மரங்களைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் பொலித்தீன் ஒட்டினார்கள். மழை அதன் மேலே ஓடி வெளியே விழும்; உள்ளே பால் காய்ந்த பட்டையில் இறங்கும். மழை நாளிலும் வேலை, மழை நாளிலும் சம்பளம். தோட்டமே சந்தோஷப்பட்டது. சந்தோஷப்படாமல் எப்படி?

அக்காதான் முதலில் சொன்னார். "முந்தி மழை நாள்ல பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கும். இனிமே அடைமழையிலயும் புள்ளைங்க இங்கதான்."

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. அரநாயக்கவில் மலை சரிந்து ஊர் போன பிறகு, இந்தப் பக்கத்தில் மேட்டைப் பார்க்காமல் யாரும் மழையைப் பார்ப்பதில்லை. அந்த மேட்டின் நடுவில் ஒரு வெடிப்பு. தாய்மார் வெட்டும் மலைகளோ பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சந்திப் பக்கம். மழை பெருத்தால் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகும். தாய்மார் அந்தக் கரையில், பிள்ளைகள் இந்தக் கரையில், பின்னால் வெடித்த மேடு. நாங்கள் எல்லோரும் பாவாடை கட்டிய மரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இது கண்ணில் படவில்லை.

அனர்த்த உதவித் திட்டம் ஒன்றிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்து மேட்டுப் பக்கம் சைரன் பூட்டிக் கொடுத்தார். நல்ல பையன். சேற்றில் சப்பாத்தோடு இறங்கி வேலை செய்தான்.

"மழை கூடினால் இது சத்தம் போடும் அக்கா. உடனே எங்கள் குழு வந்துவிடும்."

"எந்த வழியா சேர்?"

"ரோட்டால்தான்."

"பாலத்தத் தாண்டி?"

"ஓம்."

"இது சத்தம் போடுற மழையிலதானே சேர் பாலமும் முங்கும்?"

அந்தப் பையன் பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "வேறு வழி ஒன்று இருந்தால் அந்த வழியால் வருவேன் அக்கா. இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது" என்றான்.

அவன் போன பிறகு அக்கா சொன்னார்: "இவன் பொய் சொல்லல. ஆனா வர மாட்டான்."

நானா கடையில் இதைக் கேள்விப்பட்டதும் மேசையில் தட்டினார். "ஏன் தங்கச்சி ஊரெல்லாம் கேட்டுத் திரியுற? நான் ஈக்கிறேனே. ஒரு கோல் எடு, நான் வாறேன்."

"எந்த வழியா நானா?"

"எந்த வழியாவோ வாறேன்."

"அந்த மூட்ட வச்சுக்கிட்டா?"

கடையே சிரித்தது. நானா சிரிக்கவில்லை. குனிந்து துணியை இறுக்கிக் கட்டினார். அன்றைக்கு அக்காவுக்கு நிறுத்த சீனியில் வழக்கமாகப் போடும் கைப்பிடி அதிகம் விழவில்லை என்பதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு அக்கா யாரையும் கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஒரு நீளக் கயிற்றில் இடைவிட்டு முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு முன் தினமும் அந்தக் கயிற்றோடு புகைக்காம்பரா வரை ஊர்வலம். நடக்கத் தெரியாதது இரண்டும் அவர் இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று. பிள்ளைகளுக்கு அது ரயில் விளையாட்டு. புகைக்காம்பரா பாறைமேட்டில் இருந்தது. பின்னால் மண்மேடு கிடையாது.

"புள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா கதவத் தொறப்பியா தம்பி?"

"தொறப்பேன் அக்கா."

"நீ இல்லாத நாள்ல?"

ஷீட் களவு போகும் என்று அந்தக் கதவுக்கு எப்போதும் பூட்டு. சாவி என் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்பது தொரையின் உத்தரவு. நான் அதிகம் யோசிக்கவில்லை. கூரைக்குக் கீழே, விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து அக்காவுக்குக் காட்டினேன். வெளியே போகும்போதெல்லாம் சாவியை அதில் மாட்டினேன். வேலை போனால் வேறு வேலை. எனக்கு அது புதிதில்லை.

அந்த நாள் வந்தபோது நான் சந்தியில் இருந்தேன். முந்தின நாளிலிருந்து மழை. விடிந்த பிறகு கொஞ்சம் குறைந்ததால் பிரட்டில் பெயர் கொடுத்து எல்லோரும் சந்திப் பக்கத்து மலைக்குப் போய்விட்டார்கள். பீடிக்கட்டு வாங்க வந்த நான் திரும்பிப் பார்த்தபோது பாலம் இல்லை. பாலம் இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் வளைந்து எழும்பி ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் அக்கரையிலிருந்து சைரன் கேட்டது. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அது நின்றுபோனது. நின்றதுதான் மோசம்.

தாய்மார் வாளிகளைப் போட்டுவிட்டு மலையிலிருந்து ஓடிவந்தார்கள். ஒருத்தி நேராகத் தண்ணீரில் காலை வைத்தாள். பை போனதற்கு ஏசியவள்தான். நானா கடைக்குள்ளிருந்து கத்தியும் கயிறுமாக வந்தார். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"ஆத்துல யாரும் எறங்கவாணாம்! எனக்குப் பின்னுக்கு வாங்க. வா மகன், நீ கடைசியில வா. யாரையும் விட்டுடாத."

கடைக்குப் பின்னால் ஏறினார். சிங்களக் கிராமத்துத் தோட்டங்களுக்கு ஊடாக, ஆற்றோடு மேலே, மேலே. அங்கே ஒரு இடத்தில் ஆறு பாறைகளில் பிரிந்து சின்னச் சின்ன ஓடைகளாக இறங்குகிறது. பாறைக்குப் பாறை கயிற்றைக் கட்டி எல்லோரையும் கடத்தினார். அதற்கப்பால் தோட்டத்து எல்லை வேலி. வேலிக்குச் சொந்தக்காரரான சிங்கள ஐயாவுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் மாடு மேய்வது பற்றிப் பழைய சண்டை. எங்கள் ஆள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவர் தலையில் ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு வேலியைத் திறந்துவைத்து நின்றார். "ளமயின்ட்ட நங் ஹரி" என்றார், நானாவைப் பார்த்து. பிள்ளைகளுக்கென்றால் சரி என்று. அது அன்றைக்கு முதல் முறை பேசிய பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

வேலியைத் தாண்டினால் காடாகிக் கிடந்த பழைய இறப்பர் மலை. அதில் ஒரு பாதை இருந்தது. செங்குத்தான இடங்களில் மண்வெட்டியால் படி வெட்டியிருந்தது. வெட்டிய படிகளில் புல் முளைத்து, அதை மறுபடியும் செதுக்கியிருந்தது. திரும்ப வேண்டிய இடங்களில் மரத்தில் மழைப் பாவாடைப் பொலித்தீன் துண்டு ஒன்று கட்டியிருந்தது.

"நானா, இது யாரு வெட்டினது?"

அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "போயா நாளுக்குக் கடை பூட்டுதானே. சும்மா ஈக்கிற நேரம் வந்து வெட்டின."

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த கேள்வி கேப்பாளே மகன்."

இன்னும் கொஞ்சம் ஏறினோம். காலை இழுத்து இழுத்து வைத்தார். தாய்மார் அவரை முந்திவிட்டார்கள். பொலித்தீன் துண்டுகள் அவர்களுக்கு வழி காட்டின. "இன்னைக்கு பிரான்ஸுக்கு மூட்டு வலி" என்று சொல்லி ஒரு படியில் உட்கார்ந்து, உடனே எழுந்தார்.

மலையின் உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது பிள்ளைக்காம்பரா தெரிந்தது. பின்சுவர் இல்லை. குசினி இருந்த இடத்தில் மண். மரம் ஒன்று வேரோடு வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டியிருந்தது. முன்னால் போன தாய்மாரில் ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் புகைக்காம்பராவுக்கு இறங்கி ஓடினேன். விறகுக் கட்டுக்குப் பின்னால் பார்த்தேன். ஆணியில் சாவி இல்லை.

புகைக்காம்பராக் கதவைத் திறந்தபோது உள்ளே ஷீட்டுகள் தொங்கின, அவற்றுக்குக் கீழே பிள்ளைகள். கயிறு இன்னும் கைகளில் இருந்தது. புகையில் எல்லோருக்கும் கண்ணீர் வழிந்து, முகத்தில் கரி. சில பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சூடாக இருந்தது உள்ளே. அக்கா அடுப்பின் காற்றுவாயைக் கல்லால் பாதி அடைத்து, புகையைக் குறைத்துவைத்திருந்தார். சைரன் சத்தம் போடுவதற்கு வெகுநேரம் முன்பே, மேட்டிலிருந்து சின்னக் கல் ஒன்று உருண்டு வாசலுக்கு வந்ததைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறார்.

தாய்மார் உள்ளே விழுந்தார்கள். பிறகு அழுகையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும்தான். ஏசியவள் தன் பிள்ளையை ஒரு கையிலும் அக்காவின் முந்தானையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வாசலுக்கு வந்தார். நானா அப்போதுதான் சேற்றில் ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தார். துணி அவிழ்ந்து மூட்டு வீங்கியிருந்தது. அக்கா அவருக்குப் பின்னால் பார்த்தார். ரோடு அந்தப் பக்கம் இல்லை.

"எந்த வழியா வந்தீங்க நானா?"

நானாவுக்குப் பேச மூச்சில்லை. கத்தி பிடித்த கையைத் தூக்கி மேலே காட்டினார். மழையில் மலை தெரியவில்லை. ஒரு மரத்தில் கட்டிய பொலித்தீன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் வந்தால் என்ன செய்வதென்று அவர் யோசித்துவைத்திருக்கவில்லை போல. பிறகு நான் விறகு பிளக்க உட்காரும் பெட்டியை இழுத்துவந்து போட்டார்.

"உக்காருங்க. மூட்டு நோவும்."

நானா உட்கார்ந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தார். மடியில் பிள்ளை இல்லாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆணியில் சாவி மாட்டியதற்குத் தொரை என்னை ஏசினார். பிறகு போகும்போது, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். சில மாதங்களில் எனக்கு அந்த இடம் போதும் என்று தோன்றியது, சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அக்கா என்னை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. "பத்திரமா இரு" என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தேங்காய்த் துண்டும் சீனியும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

போன வருடம் அந்த வழியாகப் போன பஸ் சந்தியில் நின்றபோது இறங்கினேன். அதே கடை, அதே மேசை. நானா இன்னும் கொஞ்சம் பருத்திருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டு பிளேன்டீ வைத்தார். பிள்ளைக்காம்பராவைப் பாறைமேட்டிலேயே கட்டிவிட்டார்களாம். அக்கா அங்கேதான்.

கல்லாவுக்குப் பின்னால், கைக்கெட்டும் உயரத்தில், ஆணியில் ஒரு பெரிய டோர்ச் லைட் தொங்கியது. விற்பனைக்கு வைத்தது போல் இல்லை. பிடியில் துணி சுற்றியிருந்தது.

"என்ன நானா, இது?"

"எல்லாம் ஒங்கட அக்காதான்" என்றார். "அன்டைக்கு அந்தப் பெட்டியில இருந்து நான் மூச்சு வாங்கி முடியல மகன். பக்கத்துல இருந்துட்டுக் கேக்கிறா: ராத்திரியில நடந்தா எப்படி வருவீங்க?"

பகல் வெளிச்சத்தில் அதை எடுத்து ஒரு முறை எரித்துப் பார்த்தார். அணைத்தார். மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு, எனக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.